ஆயிரம் கொக்குகளை மடித்த சிறுமி: சடாகோ சசாகி (1943 – 1955)

முன்னுரை

உலகப் புகழ் பெற்றோர் என்றதும் மன்னர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள், நாட்டுத் தலைவர்கள் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். ஆனால் நாட்டை ஆளாமலும் நூல் எழுதாமலும், பன்னிரண்டு வயது கூட நிறைந்து ஓராண்டு ஆகுமுன் மறைந்த ஒரு பாடசாலைச் சிறுமியின் பெயரை இன்று உலகெங்கும் அறிந்திருக்கின்றனர். அவளது பெயர் சடாகோ சசாகி. அவள் செய்த செயலும் மிக எளியது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி காகிதத்தில் கொக்குகள் மடித்தாள்.

சமாதானம், போரின் தீமைகள், விடாமுயற்சி, சிறுவர் உரிமை ஆகிய தலைப்புகளில் கட்டுரை எழுதும்போது சடாகோவின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டாக அமையும். எனினும் இவளைப் பற்றிப் பலரும் எழுதும் ஒரு செய்தி உண்மைக்கு மாறானது. அது எது என்பதையும் இப்பாடத்தில் கவனிப்போம்.

பிறப்பும் குடும்பமும்

சடாகோ 1943 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் திகதி யப்பானின் ஹிரோசிமா நகரில் பிறந்தாள். தந்தையின் பெயர் சிகேயோ, தாயின் பெயர் புஜிகோ. மசஹிரோ என்னும் அண்ணன் ஒருவன் இருந்தான். போருக்குப் பின்னர் ஒரு தங்கையும் ஒரு தம்பியும் பிறந்தனர். தந்தை முடி திருத்தும் நிலையம் நடத்தி வந்தார். செல்வமும் செல்வாக்கும் இல்லாத, உழைத்துச் சாப்பிடும் ஒரு சாதாரண குடும்பம் அது.

அவள் பிறந்தபோது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கி யப்பான் ஐக்கிய அமெரிக்காவுடன் போரில் இறங்கியது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் இலங்கையின் கொழும்பு, திருகோணமலை ஆகிய துறைமுக நகரங்களிலும் குண்டு வீசின. போரைத் தொடங்குவோர் அரசுகளும் தளபதிகளும் ஆவர். அதன் விலையைச் செலுத்துவோருள் அப்போது பிறந்தேயிராத குழந்தைகளும் இருப்பர். சடாகோ அத்தகைய குழந்தைகளுள் ஒருத்தி.

1945 ஆகஸ்ட் 6

அன்று திங்கட்கிழமை. காலை 8.15 மணிக்கு அமெரிக்க விமானம் ஒன்று ஹிரோசிமா மீது யுரேனியத்தினாலான அணுகுண்டை வீசியது. உலகில் போரின்போது மக்கள் மீது வீசப்பட்ட முதலாவது அணுகுண்டு இதுவே. தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் அது வெடித்தது. நகரின் நடுப்பகுதி நொடிப்பொழுதில் எரிந்து சாம்பலாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்படுகிறது. மூன்று நாட்களின் பின்னர், ஆகஸ்ட் 9 ஆம் திகதி நாகசாகி நகர் மீதும் அணுகுண்டு வீசப்பட்டது.

சடாகோவின் வீடு குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. அப்போது அவளுக்கு வயது இரண்டு. தந்தை இராணுவச் சேவைக்குச் சென்றிருந்தார். தாயும் பாட்டியும் பிள்ளைகள் இருவரும் வீட்டில் இருந்தனர். வெடிப்பின் வேகத்தில் சடாகோ வீட்டுக்கு வெளியே தூக்கி வீசப்பட்டாள். ஆயினும் உடலில் தீக்காயம் எதுவும் இல்லை.

நெருப்பு பரவத் தொடங்கவே தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினார். வழியில் பாட்டி மட்டும் வீட்டுக்குத் திரும்பிச் சென்றார். அவர் உயிருடன் மீளவில்லை. தாயும் பிள்ளைகளும் ஆற்றில் ஒரு படகில் ஏறித் தப்பினர். அப்போது வானத்திலிருந்து கறுப்பு நிறமான மழை பெய்தது. புகையும் சாம்பலும் கதிர்த்தொழிற்பாடுடைய துகள்களும் கலந்த மழை அது. சடாகோவும் அதில் நனைந்தாள். அந்த மழையின் ஆபத்தை அன்று அங்கிருந்த எவரும் அறிந்திருக்கவில்லை.

வேகமாக ஓடிய சிறுமி

போர் முடிந்தது. தந்தை திரும்பி வந்தார். அழிந்த நகரம் சிறிது சிறிதாக எழுந்தது. தந்தை மீண்டும் முடி திருத்தும் நிலையத்தை ஆரம்பித்தார். சடாகோ நோபோரிச்சோ ஆரம்பப் பாடசாலையில் கற்றாள். அவள் உற்சாகம் மிக்கவள், ஓட்டத்தில் கெட்டிக்காரி. 50 மீற்றர் தூரத்தை 7.5 செக்கனில் ஓடக்கூடியவள். ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 1954 ஆம் ஆண்டில், அவளது வகுப்பு அஞ்சலோட்டத்திற்காகக் கடுமையாகப் பயிற்சி செய்தது. அவ்வாண்டு இலையுதிர்கால விளையாட்டுப் போட்டியில் வெற்றியும் பெற்றது. அந்த அணியில் சடாகோவும் ஓடினாள்.

இந்த அஞ்சலோட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் ஓடி முடித்த இடத்திலிருந்து கோலை வாங்கி மற்றவர் தொடர்ந்து ஓடுவார். சடாகோ மறைந்த பின்னர் அவளது வகுப்புத் தோழர்கள் செய்ததும் இதைத்தான்.

நோய்

1954 ஆம் ஆண்டின் இறுதியில் அவளுக்குத் தடிமன் பிடித்தது. கழுத்திலும் காதின் பின்புறத்திலும் கட்டிகள் தோன்றின. அவை வற்றவில்லை. 1955 ஜனவரியில் முகமும் வீங்கியது. பரிசோதனைகள் செய்யப்பட்டன. பெப்ரவரி மாதத்தில் அது குருதிப் புற்றுநோய் என உறுதியாயிற்று.

என்பு மச்சையில் உருவாகும் வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே இந்நோயாகும். அணுகுண்டிலிருந்து வெளிப்பட்ட கதிர்வீச்சு என்பு மச்சையைப் பாதித்தது. ஆகவே குண்டு வீழ்ந்த சில ஆண்டுகளுக்குப் பின்னர் ஹிரோசிமா, நாகசாகி நகரங்களில் இந்நோய் வழமையை விட அதிகமாகக் காணப்பட்டது. அது குறிப்பாகச் சிறுவர்களைத் தாக்கியது. குண்டு வீழ்ந்தபோது காயமின்றித் தப்பியவர்களும் ஒன்பது, பத்து ஆண்டுகள் கழித்து இவ்வாறு நோயுற்றனர்.

1955 பெப்ரவரி 21 ஆம் திகதி சடாகோ ஹிரோசிமா செஞ்சிலுவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். கூடியது ஓராண்டு காலமே உயிர் வாழ்வாள் என வைத்தியர் பெற்றோரிடம் கூறினார். நோயின் பெயர் அவளிடம் மறைக்கப்பட்டது. ஆனால் அவள் தன் குருதிப் பரிசோதனை முடிவுகளை ஒரு தாளில் யாருக்கும் தெரியாமல் குறித்து வைத்திருந்தாள். அவள் இறந்த பின்னரே அத்தாள் கண்டெடுக்கப்பட்டது. பெற்றோர் வருந்துவர் என்று பிள்ளையும், பிள்ளை அஞ்சுவாள் என்று பெற்றோரும் ஒருவருக்கொருவர் மறைத்து வாழ்ந்த எட்டு மாதங்கள் அவை.

குடும்பத்திற்கு அப்போது பணக் கஷ்டமும் இருந்தது. நண்பர் ஒருவரின் கடனுக்குப் பிணை நின்றதால் தந்தை பெரும் நட்டமடைந்திருந்தார். வைத்தியச் செலவும் சேர்ந்துகொண்டது. தன் நோயால் வீட்டுக்கு ஏற்படும் சுமையைச் சடாகோ உணர்ந்திருந்தாள். மகளுக்குக் கிமோனோ என்னும் யப்பானிய உடை ஒன்றை அணிவித்துப் பார்க்க விரும்பிய தாய், செர்ரிப் பூக்கள் பொறித்த துணியில் அதைத் தைத்துக் கொடுத்தார். அவ்வாண்டு அவள் இடைநிலைப் பாடசாலைக்குச் செல்ல வேண்டியவள். அங்கே அமர்ந்து கற்க அவளுக்கு வாய்க்கவில்லை.

கொக்கும் யப்பானியர் நம்பிக்கையும்

காகிதத்தை வெட்டாமலும் ஒட்டாமலும் மடிப்பினால் மாத்திரம் உருவங்கள் செய்யும் கலையை யப்பானியர் ஒரிகாமி என்பர். அதில் மிகப் புகழ் பெற்ற உருவம் கொக்கு. ஆயிரம் கொக்குகளை மடித்து நூலில் கோப்பது நீண்ட காலமாக இருந்து வரும் வழக்கம். கொக்கு மடிப்பதை விளக்கும் நூலொன்று 1797 ஆம் ஆண்டிலேயே யப்பானில் அச்சாகியுள்ளது. வழக்கமாக ஒரு நூலில் 40 கொக்குகள் வீதம் 25 நூல்கள் கட்டப்படும்.

கற்பிட்டியில் வாழும் நமக்குக் கொக்கு புதிய பறவையன்று. புத்தளம் களப்பின் ஓரத்தில் மீனுக்காக ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கை நாம் நாள்தோறும் காண்கிறோம். யப்பானியர் போற்றும் கொக்கு வேறு இனம். ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரமும் சிவந்த உச்சந்தலையும் உடைய பெரிய பறவை அது. அது ஆயிரம் ஆண்டுகள் வாழும் என்பது அவர்களது பழைய நம்பிக்கை. ஆகவே நோயாளர் நலம் பெற வேண்டி ஆயிரம் காகிதக் கொக்குகளைச் செய்து அளிப்பர்.

ஒரு சிறுமியின் சவால்

1955 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நகோயா நகரைச் சேர்ந்த மாணவிகள் செஞ்சிலுவை வைத்தியசாலை நோயாளர்களுக்குக் காகிதக் கொக்குகளை அனுப்பி வைத்தனர். அவற்றைக் கண்ட சடாகோ தானும் ஆயிரம் கொக்குகள் மடிக்கத் தீர்மானித்தாள். ஆயிரத்தை மடித்தால் நோய் தீரும் என்று நம்பினாள்.

காகிதம் அக்காலத்தில் இலகுவில் கிடைக்கவில்லை. மருந்து சுற்றி வந்த தாள்களைச் சேர்த்து வைத்தாள். மற்ற நோயாளர்களின் அறைகளுக்குச் சென்று, அவர்களுக்கு வந்த பரிசுப் பொருட்களின் மேலுறைகளைக் கேட்டுப் பெற்றாள். அவற்றைச் சதுரமாக வெட்டி மடித்தாள். ஒரு கொக்குக்கு 3 நிமிடம் என்று கொண்டாலும் ஆயிரம் கொக்குகளுக்கு 50 மணித்தியாலம் தேவை. காய்ச்சலும் உடல்வலியும் உள்ள பிள்ளைக்கு இது சிறிய வேலையன்று. ஆயினும் அந்த ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் அவள் ஆயிரத்தை நிறைவு செய்தாள். அதாவது நாளொன்றுக்கு முப்பதுக்கும் மேல் மடித்திருக்கிறாள்.

ஆனால் நோய் தீரவில்லை.

அதற்குப் பின் அவள் செய்ததே இவ்வரலாற்றின் முக்கிய பகுதியாகும். வேண்டுதல் பலிக்கவில்லை என்று அவள் காகிதத்தை வீசியெறியவில்லை. மீண்டும் மடிக்கத் தொடங்கினாள். இம்முறை கொக்குகள் மேலும் சிறியனவாயின. விரலால் மடிக்க முடியாத அளவுக்குச் சிறிய தாள்களை ஊசி முனையால் மடித்தாள். அரிசி மணியளவுக்குச் சற்றே பெரிய கொக்குகள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அக்கொக்குகளில் ஒரு மடிப்புக்கூடப் பிசகவில்லை.

எண்ணிக்கை பற்றிய தவறு

சடாகோ 644 கொக்குகளை மடித்தபின் இறந்தாள் என்றும், மிகுதி 356 கொக்குகளை நண்பர்கள் மடித்து ஆயிரமாக்கினர் என்றும் பலர் எழுதுவதுண்டு. எலினோர் கோயர் என்னும் எழுத்தாளர் 1977 ஆம் ஆண்டில் சிறுவர்களுக்காக எழுதிய ஆங்கிலக் கதை நூலிலிருந்து பரவிய செய்தி இது. அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டதால் இச்செய்தியும் உலகெங்கும் பரவியது.

சடாகோவின் குடும்பத்தாரும் ஹிரோசிமா சமாதான நினைவு அருங்காட்சியகமும் தரும் விபரம் வேறு. அவள் ஆயிரத்தை நிறைவு செய்தாள். அதன் பின்னரும் பல நூறு கொக்குகளை மடித்தாள். மொத்தம் 1,300 இற்கும் மேல் எனக் கூறப்படுகிறது. மாணவர்கள் விடை எழுதும்போது இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டு செய்திகளும் தரும் பொருள் ஒன்றல்ல என்பதையும் எண்ணிப் பாருங்கள். கதையில் வரும் சிறுமி இலக்கை அடையாமல் இறக்கிறாள். ஆகவே ஆயிரத்தை முடித்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று வாசிப்பவர் ஏங்குவர். உண்மையான சடாகோ இலக்கை அடைந்தாள், கேட்டது கிடைக்கவில்லை, அப்படியிருந்தும் தொடர்ந்தாள். கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலையிலும் கையிலுள்ள வேலையைச் செம்மையாகச் செய்வது கடினம். அதைச் செய்தமையே அவளது பெருமை.

மறைவு

செப்டெம்பருக்குப் பின்னர் நோய் முற்றியது. கால் வீங்கி நடக்க முடியாத நிலை ஏற்பட்டது. வலியை வெளியே காட்டாது இருந்தாள். 1955 ஒக்டோபர் 25 ஆம் திகதி காலை, குடும்பத்தார் சூழ்ந்திருக்க, சூடான தேநீர் ஊற்றிய சோற்றைச் சிறிது கேட்டு உண்டாள். அது நன்றாக இருந்ததெனச் சொன்னாள். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

தோழர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம்

அவளது மரணம் வகுப்புத் தோழர்களை உலுக்கியது. அவளுக்காக என்ன செய்யலாம் என்று கூடிப் பேசினர். சடாகோவுக்கு மட்டுமன்றி, அணுகுண்டினால் இறந்த எல்லாச் சிறுவர்களுக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என முடிவாயிற்று. அம்மாணவர்களிடம் பணம் இல்லை. ஆனால் முயற்சி இருந்தது. 1955 நவம்பரில் யப்பான் முழுவதிலுமிருந்து இடைநிலைப் பாடசாலை அதிபர்கள் ஒரு மாநாட்டுக்காக ஹிரோசிமாவுக்கு வந்தனர். மாணவர்கள் அங்கு சென்று தம் வேண்டுகோள் அச்சிடப்பட்ட துண்டுப் பிரசுரங்களை அவர்களிடம் கொடுத்தனர்.

அதிபர்கள் அச்செய்தியைத் தத்தம் பாடசாலைகளுக்கு எடுத்துச் சென்றனர். யப்பானின் 3,000 இற்கும் மேற்பட்ட பாடசாலைகளும் ஒன்பது வெளிநாடுகளிலிருந்து பலரும் நிதி அனுப்பினர். 1958 மே 5 ஆம் திகதி, யப்பானின் சிறுவர் தினத்தன்று, ஹிரோசிமா சமாதானப் பூங்காவில் சிறுவர் சமாதான நினைவுச் சின்னம் திறந்து வைக்கப்பட்டது. 9 மீற்றர் உயரமுள்ள அதன் உச்சியில், பொன்னிறக் கொக்கு ஒன்றை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபடி ஒரு சிறுமி நிற்கிறாள். அதனை வடித்தவர் கசுவோ கிக்குச்சி என்னும் சிற்பி. உள்ளே தொங்கவிடப்பட்ட மணியை வழங்கியவர், 1949 இல் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு பெற்ற ஹிதெக்கி யுகாவா. அணுவின் கருவை ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவர் அணுகுண்டினால் இறந்த சிறுவர்களுக்காக மணி வழங்கியது சிந்திக்கத்தக்கது.

இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி காகிதக் கொக்குகள் உலகின் பல பாகங்களிலிருந்து அங்கு வந்து சேர்கின்றன. அவற்றின் நிறை ஏறத்தாழ 10 தொன். பின்னர் அவை மீள்சுழற்சி செய்யப்பட்டுக் காகிதமாகப் பயன்படுத்தப்படுகின்றன.

சடாகோ தன் கையால் மடித்த கொக்குகளுள் சிலவற்றை அவளது குடும்பத்தார் வெளிநாடுகளுக்கும் அன்பளிப்புச் செய்தனர். 2013 இல் ஒரு கொக்கு பேர்ள் துறைமுக நினைவிடத்தில் வைக்கப்பட்டது. யப்பான் குண்டு வீசிய இடம் அது. குண்டினால் மகளை இழந்த குடும்பம், தன் நாடு குண்டு வீசிய இடத்திற்கே அந்தக் கொக்கை அனுப்பியது. 2016 மே 27 இல் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி பராக் ஒபாமா ஹிரோசிமாவுக்குச் சென்றபோது தாம் மடித்த கொக்குகளைக் கொண்டு சென்று கொடுத்தார்.

இலங்கையும் யப்பானும்

போருக்குப் பின் 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் யப்பானுடனான சமாதான மாநாடு நடைபெற்றது. இலங்கையின் சார்பில் அப்போதைய நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன கலந்துகொண்டார். கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளான போதிலும் யப்பானிடம் இலங்கை நட்டஈடு கோராது என்று அவர் அறிவித்தார். வரலாற்றுப் பாடத்திலும் பயன்படக்கூடிய இச்செய்தியைச் சடாகோவின் வரலாற்றோடு சேர்த்து நினைவில் வையுங்கள். பகையைத் தொடராமல் நிறுத்துவதற்கு எங்கேயாவது ஒருவர் முன்வர வேண்டும்.

போர் நமக்கும் தூரத்துச் செய்தியன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சமடைந்தனர். ஓலைக் கொட்டில்களில் விளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னேறியோர் நம் ஊரில் உள்ளனர். போரில் எந்தப் பக்கத்தையும் சேராத சிறுவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

நாம் கற்றுக்கொள்வன

1. பெரிய இலக்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்தல். ஆயிரம் என்பது மலைப்பைத் தரும். இன்றைக்கு முப்பது என்பது செய்யக்கூடியது. பாடங்களை மீட்டும்போதும் இம்முறை உதவும்.

2. கிடைப்பதைக் கொண்டு செய்தல். அழகிய காகிதம் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

3. பலன் கிடைக்காதபோதும் தளராமை. முயன்றால் கேட்டது நிச்சயம் கிடைக்கும் என்று இவ்வரலாறு கூறவில்லை. பரீட்சையிலும் சிலவேளை உழைப்புக்கேற்ற பெறுபேறு வராது. அதனால் உழைத்தவரின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை.

4. ஒன்றுபட்டுச் செயற்படல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தொடங்கிய வேலையே ஒரு நாட்டின் நினைவுச் சின்னமாயிற்று.

முடிவுரை

சடாகோ கேட்டது தன் உயிரை. அது அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவள் தொடங்கிய வேலையை வேறு பிள்ளைகள் அஞ்சலோட்டக் கோல்போல் வாங்கித் தொடர்ந்தனர். காகிதக் கொக்கு இன்று உலக சமாதானத்தின் சின்னமாகத் திகழ்கிறது. அணு ஆயுதங்கள் இன்னும் ஒழியவில்லை. ஆகவே அந்த ஓட்டமும் முடியவில்லை.

நினைவிற் கொள்க

1943.01.07 – பிறப்பு
1945.08.06 – ஹிரோசிமாவில் அணுகுண்டு
1955.02.21 – வைத்தியசாலையில் அனுமதி
1955 ஆகஸ்ட் – கொக்கு மடிக்கத் தொடங்கி ஆயிரத்தை நிறைவு செய்தல்
1955.10.25 – மறைவு
1958.05.05 – சிறுவர் சமாதான நினைவுச் சின்னம் திறப்பு

பயிற்சி வினாக்கள்

1. கறுப்பு மழை என்றால் என்ன? அது ஏன் ஆபத்தானது?

2. குண்டு வீழ்ந்தபோது காயமின்றித் தப்பிய சடாகோ பல ஆண்டுகளின் பின் நோயுற்றமைக்குக் காரணம் யாது?

3. சடாகோ காகிதத்தை எவ்வாறு பெற்றுக்கொண்டாள்?

4. கொக்குகளின் எண்ணிக்கை பற்றிய இரு செய்திகளையும் ஒப்பிடுக. எது ஏற்கத்தக்கது? காரணம் தருக.

5. நினைவுச் சின்னம் எழுப்புவதற்குச் சடாகோவின் தோழர்கள் மேற்கொண்ட முயற்சியை ஐந்து வசனங்களில் எழுதுக.

6. பின்வரும் தலைப்பில் 200 சொற்களில் கட்டுரை எழுதுக: போரும் சிறுவர்களும்.

குறிப்பு: ஆறாம் வினாவுக்கு விடை எழுதும்போது சடாகோவின் வரலாற்றை முழுமையாகத் திரும்ப எழுத வேண்டாம். பொருத்தமான இரண்டு அல்லது மூன்று செய்திகளை மாத்திரம் ஆண்டுகளுடன் எடுத்தாளுங்கள். எஞ்சிய பகுதியை உங்கள் ஊரிலும் உங்கள் குடும்பத்திலும் நீங்கள் கேட்டறிந்தவற்றைக் கொண்டு நிரப்புங்கள்.